ஆளுக்கொன்றாகச் சேர்த்துவிட்டுப் போன படகு

பழைய விசைப்படகு வாங்கியவர் யாராக இருந்தாலும் முதல் குளிர்காலத்தில் ஒரு பட்டியல் போடுவார். படகு கரையில் தாங்கிகளின் மேல் தார்ப்பாய் போர்த்தி நிற்கும். செய்ய ஒன்றுமில்லாத மாலை நேரத்தில் கைக்கு ஒரு நோட்டு வந்துவிடும். கோடைப் பயணத்துக்கு என்னென்ன வேண்டும்? குளிர்பெட்டி, சூரியத் தகடு, பெரிய திரையுள்ள வரைபடக் கருவி, நங்கூரத்தை இழுக்க மின்சார விஞ்சு, பின்தளத்தில் ஒரு ஷவர். என் பட்டியலும் இப்படித்தான் வளர்ந்து மறுபக்கத்துக்குப் போனது. படகு இன்ஜின்களோடு ஆயுளைக் கழித்த ஒரு பெரியவரிடம் அதைக் காட்டினேன். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். “தம்பி, இது வாங்க வேண்டியதற்கான பட்டியல். படகில் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்று எழுதினீர்களா?” என்றார். இல்லை என்றேன். “அதை எழுதிக்கொண்டு வாருங்கள், பேசுவோம்” என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. படகில் என்ன இருக்கிறது என்று தெரியாமலா வாங்கினேன்? இன்ஜின் இருக்கிறது, படுக்க இடம் இருக்கிறது, ஒரு சிறிய அடுப்பு, ஒரு கழிவறை. இதற்கு ஒரு பட்டியலா? ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கருவிகளின் விலைப்பட்டியலைப் புரட்டும்போதெல்லாம் நடுவில் வந்து நின்றது. கடைசியில், அவர் கேட்டதில் பொருளில்லை என்று காட்டுவதற்காகவே டார்ச்சை எடுத்துக்கொண்டு படகுக்குள் இறங்கினேன்.

படகு 1970களில் கட்டப்பட்டது. ஒன்பது மீட்டர் நீளம், ஃபைபர் உடல், ஒற்றை டீசல் இன்ஜின். அந்தக் காலத்துப் படகுகளின் உடலைத் தாராளமாகவே கட்டியிருப்பார்கள்; இந்தப் புதுப்பொருளை எவ்வளவு மெல்லிதாகப் போடலாம் என்ற துணிச்சல் அப்போது பலருக்கு வந்திருக்கவில்லை. அதனால் உடல் அரை நூற்றாண்டைத் தாங்கிவிடுகிறது. உள்ளே இருப்பவை தாங்குவதில்லை. அந்த அரை நூற்றாண்டில் படகு பல கை மாறுகிறது. வருகிற ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய ஒன்றைப் பொருத்துகிறார். யாரும் எதையும் கழற்றுவதில்லை. கழற்றுவதற்கும் அதே அளவு நேரம் ஆகும். முடிந்தபின் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. புதிய ஆழமானி வந்தால் பழையதன் திரை மட்டும் போகும். அதன் வயரும், அடியில் துளைத்துப் பொருத்திய உணரியும் அப்படியே கிடக்கும். பரணில் ஏற்றிய சாமானுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. என்ன, பரண் கடலுக்குப் போவதில்லை.

டார்ச் வெளிச்சத்தில் என் பட்டியல் தொடங்கியது. அடித்தளத்தில் இரண்டு உணரிகள், இரண்டுமே எதனோடும் இணைக்கப்படாதவை. கழிவறைக்கு ஒரு காலத்தில் இருந்த வேறொரு குழாயின் வால்வு, கைப்பிடி இல்லாமல். அறையின் சுவரில் ஒலிபெருக்கிக்காக வெட்டிய வட்டத் துளை. அதன்மேல் ஒரு படம் மாட்டியிருந்தது. தண்ணீரே போகாத ஒரு தண்ணீர்த் தொட்டி. படுக்கைக்கு அடியில், எதையும் சூடாக்காத ஒரு ஹீட்டரின் உலோகக் கூடு, அதன் புகைக்குழாயோடு. மேல்தளத்தில் எதற்கு என்று தெரியாத நான்கு போல்ட்டுகள். எழுத எழுத எனக்கே கொஞ்சம் சுவாரசியம் தட்டிவிட்டது. இதற்கு முன் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் எந்தக் கோடையில் எதற்கு ஆசைப்பட்டார்கள் என்று ஊகிக்க முடிந்தது.

அடிப்பகுதியின் வண்ணப்பூச்சில்கூட இதே கதைதான். பாசியும் கொட்டலசு என்ற ஓட்டுயிரியும் ஒட்டாமலிருக்க ஆண்டுதோறும் பூசும் அந்த வண்ணம், ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் தட்டினால் ரூபாய் நாணயத்தின் தடிமனில் செதில் செதிலாக உதிர்ந்தது. இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் காலத்து வண்ணங்களில் டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் பரவலாகக் கலக்கப்பட்டது. அது கொட்டலசோடு நிற்காமல் சிப்பிகளையும் நத்தைகளையும் கெடுத்தது. பிரான்ஸ் 1982லும் பிரிட்டன் 1987லும் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தன. உலக அளவிலான ஒப்பந்தம் 2001இல் ஏற்கப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே 1970களின் படகில் அடுக்கின் அடியில் அது இன்னும் இருக்கலாம். இப்போதைய வண்ணங்களில் பெரும்பாலும் இருக்கும் செம்புகூட மூச்சில் போகக் கூடாத பொருள்தான். உலரத் தேய்த்துத் தூசி கிளப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நனைத்துச் சுரண்டுவதற்கு நேரம் ஆகும், ஆகட்டும். சுரண்டியதைக் கீழே விரித்த பாயில் வாரிச் சேர்க்க வேண்டும்.

சிவப்பு வயர்

ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் பலகையைக் கழற்றியபோதுதான் என் எண்ணம் திரும்பியது. சில வயர்கள் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தது முன்கைத் தடிமனில் ஒரு கற்றை. ஏறக்குறைய எல்லாமே சிவப்பு. யாரோ ஒரு உரிமையாளரிடம் ஒரு பெரிய சுருள் சிவப்பு வயர் இருந்திருக்கிறது; நேர்முனை எதிர்முனை என்ற பேதம் பாராமல் படகு முழுவதும் அதையே ஓட்டியிருக்கிறார். சில முனைகளில் ஒழுங்காக நசுக்கிப் பொருத்திய இணைப்பிகள்; சிலவற்றில் வெறுமனே முறுக்கிச் சுற்றிய டேப். டேப்பின் பசை இளகிக் கறுத்து விரலில் ஒட்டியது. பாதியில் வெட்டிவிட்ட முனைகள் வேறு.

இந்த வேலையைப் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒருவர் வயரின் ஒரு முனையை மெல்ல இழுக்க, மற்றவர் எங்கே எது அசைகிறது என்று பார்ப்பது. பிறகு மல்டிமீட்டரை வைத்துத் தொடர்ச்சியை உறுதிசெய்வது. பிறகு ஒரு சீட்டு கட்டுவது. நான் இழுத்தேன், என் மனைவி எழுதினார். “இது எங்கே போகிறது?” “தெரியவில்லை.” “இது?” “இதுவும்தான்.” நோட்டின் ஒரு பத்தி முழுக்க ‘தெரியவில்லை’ என்ற சொல்லே இறங்கியது. சில இடங்களில் உறையைக் கொஞ்சம் உரித்துப் பார்த்தோம். செம்பு பளிச்சென்று இருக்க வேண்டும். இங்கே கறுப்பாக இருந்தது. வெள்ளீயம் பூசாத செம்பு இழைகளின் நடுவே கடற்காற்றின் ஈரம் ஏறிக்கொண்டே போகும். முனையை வெட்டி உள்ளே போய்ப் பார்த்தாலும் கறுப்பாகவே இருக்கும். அப்படிப்பட்ட வயர் மின்சாரத்தைக் கொண்டுபோகும்தான். ஆனால் வழியிலேயே ஒரு பங்கைத் தின்றுவிடும். விளக்கு மங்கும், பம்ப் சோர்ந்து சுற்றும். உரிமையாளர் புது விளக்கும் புது பம்பும் வாங்குவார்.

அந்தக் கற்றையில் சேராத தடித்த வயர் ஒன்று பாட்டரியின் நேர்முனையிலிருந்தே கிளம்பியது. நடுவில் ஃபியூஸ் இல்லை. தரைப்பலகைக்கு அடியில் ஓடி, இன்ஜின் அறையின் தடுப்புச் சுவரில் ஒரு துளை வழியாக நுழைந்து, முன் அறையின் அலமாரிக்குள் போய் முடிந்தது. முடிந்த இடத்தில் ஒன்றுமில்லை. ஒட்டுப்பலகையில் நான்கு திருகுத் துளைகள் மட்டும். ஒரு காலத்தில் அங்கே வானொலிக் கருவி இருந்திருக்கலாம். வெட்டிய முனையில் டேப் சுற்றியிருந்தது. நாங்கள் படகை வாங்கிய நாளிலிருந்து, அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பிருந்தும், அந்த வயரில் மின்னழுத்தம் இருந்துகொண்டே வந்திருக்கிறது, எதற்கும் பயனின்றி. தடுப்புச் சுவரின் துளையில் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். வெட்டிய ஃபைபர் விளிம்பு அரம்பல்லாக இருந்தது; அதில் ரப்பர் வளையம் போடவில்லை. இன்ஜின் அதிரும்போதெல்லாம் வயர் அந்த விளிம்பில் உரசியிருக்கிறது. உறையில் நகம் பதிந்தாற்போல ஒரு வெட்டு, அதற்குள் இரண்டு மூன்று செம்பு இழைகள். இங்கே மட்டும் செம்பு பளிச்சென்று இருந்தது, உரசல் புதிதாக நடந்துகொண்டிருந்ததால். அதற்கு ஒரு விரற்கடை தள்ளி, இன்ஜினிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் டீசலின் செம்புக்குழாய்.

மின்சாரம் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குழாய் இன்ஜினோடு சேர்ந்தது, இன்ஜின் பாட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்தது. வயர் அதைத் தொட்டால், இன்ஜினைச் சுழற்றும் தடித்த பாட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் ஒரே மூச்சில் கொட்டிவிடக் கூடியது. ஃபியூஸ் காப்பது கருவியை என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது வயரை. அதனால்தான் அதைக் கருவியின் பக்கத்தில் வைத்துப் பயனில்லை, பாட்டரியின் பக்கத்தில் வைக்க வேண்டும். அமெரிக்கப் படகுத் தரவிதிகள் பொதுவாகக் கேட்பது ஏழு அங்குலத்துக்குள். இங்கே ஏழு அங்குலத்துக்கு அப்புறமும் ஒன்றும் இல்லை.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். என்னை உட்காரவைத்தது வேறு ஒன்று. என் பட்டியலில் மூன்றாவது வரி ‘பெரிய பாட்டரி’. நான் அதை வாங்கி, பழையது இருந்த இடத்தில் வைத்து, அதே முனைகளில் அதே வயர்களை இறுக்கியிருப்பேன். அந்தச் சிவப்பு வயரின் பின்னால் இன்னும் அதிக ஆற்றலைக் கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன். என் காசைப் போட்டு வாங்கிய முன்னேற்றம் படகை முன்பைவிட ஆபத்தானதாக ஆக்கியிருக்கும். அதுவும் மெத்தை மாற்றி, விளக்கு மாற்றி, எல்லாம் அழகாகத் தெரிந்துகொண்டிருக்கும்போது. பெரியவர் இதையெல்லாம் சொல்லவில்லை. எழுதிக்கொண்டு வரச் சொன்னார், அவ்வளவுதான்.

துளைகள்

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் நாங்கள் வாங்கியது மிகக் குறைவு, வெளியே எடுத்தது மிக அதிகம். வயரில் எது வேலை செய்கிறதோ அது மட்டும் நின்றது, அதுவும் வெள்ளீயம் பூசிய புது வயராக, ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸோடு. அது எளிய பகுதி. நீர்மட்டத்துக்குக் கீழே இருந்த துளைகள்தான் மனத்தை அரித்தன.

ஒரு சின்னக் கணக்கு. நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை திறந்துகொண்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 55 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும்; மணிக்கு 3,300 லிட்டர். துளை 38 மில்லிமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 120 லிட்டருக்கு மேல். அடித்தளத் தண்ணீரை வெளியேற்றும் பம்பின் பெட்டியில் மணிக்கு 4,000 லிட்டர் என்று எழுதியிருக்கும். அது தண்ணீரை மேலே தூக்காமல், முழு மின்னழுத்தத்தில், குழாய் இல்லாமல் அளந்த அளவு. ஒரு மீட்டருக்கு மேலே தூக்கி, நெளிவுகளுள்ள குழாய் வழியாக, களைத்த பாட்டரியில் ஓடும்போது அதில் பாதி கிடைத்தால் நல்லது. ஆக, எதற்கும் பயன்படாத ஒரு பழைய உணரியின் துளை, இருக்கிற பம்பைத் தோற்கடிக்கப் போதுமானது. பெரிய பம்ப் வாங்கலாம். என் பட்டியலில் அதுவும் இருந்தது. துளையை அடைப்பது அதைவிட மலிவு, பாட்டரியும் கேட்காது.

கைப்பிடி இல்லாத அந்த வால்வைக் கழற்ற முயன்றபோது அது குறட்டின் பிடியிலேயே பிளந்தது. உடைந்த முகம் பொன்னிறமாக இருக்க வேண்டும். இது இளஞ்சிவப்பாகப் பொருபொருத்துப்போய் இருந்தது. பித்தளையில் செம்போடு துத்தநாகம் கலந்திருக்கிறது. உப்புநீர் துத்தநாகத்தை மட்டும் மெல்ல மெல்ல உருவிக்கொண்டு போய்விடும். உருவம் அப்படியே நிற்கும், வலு போய்விடும். நீருக்கடியில் வெண்கலமோ, இந்த நோய் பிடிக்காத தனிக்கலப்புப் பித்தளையோதான் போட வேண்டும். முன்னவர் எவரோ சாதாரணக் குழாய் வேலைக்கான பித்தளையைப் போட்டுவிட்டார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய படகில் சந்தேகத்துக்குரிய வால்வை ஒரு கத்தி முனையால் கீறிப் பாருங்கள். கீறலின் நிறம் சொல்லிவிடும்.

துளையை ஒரு மூடி போட்டுத் திருகி அடைத்துவிட முடியாது. உடலின் தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு தூரம்வரை சுற்றிலும் சரிவாகச் சீவ வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள உடலில் நான்கு சென்டிமீட்டர் துளை என்றால், சீவிய வட்டம் பதினாறு சென்டிமீட்டர் அகலம் ஆகும். நல்ல உடலை இப்படித் தட்டுக் கணக்கில் தேய்த்துத் தள்ளும்போது கை கூசும். பிறகு கண்ணாடியிழைத் துணியை வட்டங்களாக வெட்டி எபாக்சி என்ற பிசினில் நனைத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே போக வேண்டும். பாலியஸ்டர் பிசினால் கட்டிய பழைய உடலில் எபாக்சி நன்றாகப் பிடிக்கும். எபாக்சியின்மேல் பாலியஸ்டர் அப்படிப் பிடிக்காது. முடிந்தபின் உள்ளிருந்து சுத்தியால் மெல்லத் தட்டிப் பார்த்தேன். அக்கம்பக்கத்தில் வந்த அதே ‘டக்’ இங்கேயும் வந்தது.

அந்தச் சத்தத்தைப் பழகிக்கொள்வது நல்லது, மேல்தளத்தில் தேவைப்படும். மேல்தளம் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்துக் கட்டியது. மேலே போட்ட ஒவ்வொரு போல்ட்டும் அந்த மரத்துக்குத் தண்ணீர் போகும் வழி. பசை காய்ந்து விட்டுக்கொடுத்ததும் ஈரம் இறங்கும், மரம் ஊறும், அழுகும். நல்ல இடத்தில் தட்டினால் சத்தம் கறாராகக் கேட்கும். ஊறிய இடத்தில் மொத்தையாகக் கேட்கும். எதற்கு என்று தெரியாத அந்த நான்கு போல்ட்டுகளைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சத்தம் மொத்தையாக இருந்தது. போல்ட்டைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, ஊறிய மரத்தைத் தோண்டி, உலரவிட்டு, கெட்டிப்படுத்திய எபாக்சியால் நிரப்பினோம். வேண்டிய பொருத்துகளுக்கு அந்த எபாக்சியின் நடுவிலேயே மறுபடி துளையிட வேண்டும். அப்போது தண்ணீர் ஒழுகினாலும் மரத்தைத் தொடாது. வேண்டாத பொருத்துகளுக்கு மறுபடி துளையிடும் வேலையே இல்லை. இந்த வகைச் சோம்பேறித்தனத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

கை வைக்கக் கூடாத வயர்

இந்தக் கட்டத்தில் எனக்குக் கழற்றும் வெறி வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். பயன் தெரியாத எதைப் பார்த்தாலும் கை துறுதுறுத்தது. இன்ஜினுக்குப் பின்னால், அடித்தளத்தின் ஓரமாக, ஒரு பச்சை வயர் ஓடியது. எந்தச் சுவிட்சுக்கும் போகவில்லை, பாட்டரிக்கும் நேராக வரவில்லை. வால்வுகளையும் புரொப்பல்லர் தண்டையும் சுக்கானையும் தொட்டுத் தொட்டுப் போனது. வெட்டுக்குறடைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது பெரியவர் வந்து சேர்ந்தார். “அதில் கை வைக்காதீர்கள். படகிலேயே ஒழுங்காக வேலை பார்க்கிற வயர் அது ஒன்றுதான்” என்றார்.

வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றோடொன்று இணைந்து இருந்தால் ஒரு சிறிய மின்கலம் உண்டாகிவிடும். அவற்றில் எளிதில் அரிபடுவது கரையும். கரையப்போவது விலையுயர்ந்த புரொப்பல்லராக இருக்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே ஒரு துத்தநாகக் கட்டியை அடியில் மாட்டி, பாதுகாக்க வேண்டிய உலோகங்களை எல்லாம் வயரால் அதனோடு இணைத்துவிடுகிறார்கள். கடல்நீரில் துத்தநாகம், நன்னீரில் மெக்னீசியம், இரண்டுக்கும் போய்வருகிற படகுக்கு அலுமினியம். கட்டி பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். ஒரு கோடை முழுவதும் கரையாமல் புதிதாகவே இருந்தால் மகிழ்ச்சியடையக் கூடாது. இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். ஆக, பயன் தெரியாததற்கும் பயன் இல்லாததற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைத் தெரிந்துகொள்ளும்வரை குறடு பையில் இருக்கட்டும். எந்தப் பொருளையும் யார், எதற்காக வைத்திருப்பார் என்று ஒரு பதில் கிடைத்த பிறகே கழற்றுவது என்று எங்களுக்குள் ஒரு விதி வந்தது. சிலவற்றுக்கு அந்தப் பதில் இன்னும் வரவில்லை. அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஒன்று கேட்டால் நான்கு வரும்

அப்படியானால் எதையுமே சேர்க்கவில்லையா என்றால், சேர்த்தோம். நான் துறவி இல்லை. அடித்தளத்தில் தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் ஏறினால் அலறும் ஒரு மணி. கையால் இயக்கும் இரண்டாவது பம்ப். டீசலில் இருக்கும் தண்ணீரைப் பிரித்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் காட்டும் வடிகட்டி. இந்தக் கடைசிப் பொருளுக்கு நான் பெரிய ரசிகன். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கறுப்புக் கூழாகி, வடிகட்டியை அடைக்கும். தொட்டி ஆடாமல் கரையில் நிற்கும்போது அந்தக் கூழ் அடியில் சமர்த்தாகக் கிடக்கும். அலையில் படகு குலுங்கும்போது, அதாவது இன்ஜின் நிற்கவே கூடாத நேரத்தில், கிளம்பி வரும். அறைக்குள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் வைத்தோம். மெதுவாகப் போகும்போது படகின் சொந்தப் புகையே பின்புறத்திலிருந்து உள்ளே சுழன்று வரும். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. நங்கூரமிட்ட இரவில் எரியும் வெள்ளை விளக்கை எல்இடியாக மாற்றினோம். பத்து வாட் இழை விளக்கு பத்து மணி நேரம் எரிந்தால் பன்னிரண்டு வோல்ட் பாட்டரியிலிருந்து எட்டு ஆம்பியர்-மணிக்கு மேல் போகும். இரண்டு வாட் எல்இடிக்கு இரண்டுகூட ஆகாது. சேர்க்கும் பொருள் சுமையைக் குறைக்கிறது என்றால் எனக்கு மறுப்பே இல்லை.

வீட்டில் வாக்குவாதம் நடப்பது குளிர்பெட்டியைப் பற்றி. மனைவிக்கு வேண்டும். எனக்கும் வேண்டும்தான், ஆனால் கணக்கைப் பார்க்கிறேன். பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் சிறிய குளிர்பெட்டி கோடையில் நாளொன்றுக்கு முப்பது முதல் ஐம்பது ஆம்பியர்-மணி குடிக்கும். ஈய-அமில பாட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும்; ஆகவே நூறு ஆம்பியர்-மணி பாட்டரி என்பது நடைமுறையில் ஐம்பது. ஒரு விரிகுடாவில் இரண்டு நாள் நங்கூரமிட்டு நின்றால் தீர்ந்துவிடும். இன்னொரு பாட்டரி வேண்டும். அதை நிரப்பச் சூரியத் தகடு வேண்டும். நல்ல வெயிலில் நூறு வாட் தகடு நாளொன்றுக்கு முப்பது ஆம்பியர்-மணி தந்தால் திருப்தி. தகட்டுக்கு மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி, அதைப் பொருத்த மேல்தளத்தில் மறுபடி துளைகள், துளைகளுக்கு அடியில் மறுபடி மரம். லித்தியம் பாட்டரிக்குப் போகலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எடை குறைவு, கிட்டத்தட்ட முழுவதையும் எடுத்துப் பயன்படுத்தலாம், உண்மை. ஆனால் அதன் காவல் கருவி ஆபத்தென்று கருதி இணைப்பைச் சட்டென்று துண்டித்தால், அந்த நொடியில் மின்னேற்றிக்கொண்டிருந்த இன்ஜினின் ஆல்டர்னேட்டர் கருகிவிட வாய்ப்புண்டு. அதற்கும் ஒரு காப்புக் கருவி வேண்டும். குளிர்ந்த தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற ஒரு ஆசை, தன் பின்னால் இத்தனை பேரை அழைத்துக்கொண்டு வருகிறது. இந்தக் கோடைக்குத் தடித்த சுவருள்ள ஐஸ் பெட்டி என்று உடன்பட்டிருக்கிறோம். உடன்பாடு எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது.

தண்ணீரில்

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீர்மட்டத்தில் எட்டு மீட்டர் நீளமுள்ள படகு, தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் நிலையில், மணிக்கு ஏழு கடல்மைலுக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் தன் அலையிலேயே சிக்கிக்கொள்ளும். நீளத்தின் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால் வருவது அது. அதற்குமேல் போக வேண்டுமென்றால் தண்ணீரின் மேல் ஏற வேண்டும், அப்போது ஒவ்வொரு கிலோவும் டீசலில் கணக்காகும். எங்கள் படகின் பின்புறம் சற்றே அமிழ்ந்து நிற்பது வழக்கம். முன்னவர் நீர்மட்டக் கோட்டையே மேலே தூக்கி வரைந்து அதைச் சமாளித்திருந்தார். பயனற்ற தொட்டி, ஹீட்டர், வயர்க் கற்றை, ஊறிய மரம், செதில் வண்ணம் எல்லாம் இறங்கிய பிறகு தண்ணீரில் விட்டபோது அந்தப் புதுக்கோடு முழுவதும் வெளியே தெரிந்தது. பழைய கோட்டின் தடம், அடியில் மங்கலாக, ஏறக்குறைய சரியான இடத்தில் இருந்தது.

உடனே இன்ஜினை முடுக்கிவிடக் கூடாது. கரையில் தாங்கிகளின் மேல் நின்ற உடல் தண்ணீரில் தன் வடிவத்துக்குத் திரும்பச் சற்று நேரம் பிடிக்கும். அதனால் இன்ஜினும் தண்டும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதை மிதக்கவிட்ட பிறகே அளக்க வேண்டும். இணைப்புத் தட்டுகளின் இடைவெளி, தட்டின் அகலம் நூறு மில்லிமீட்டர் என்றால், சுற்றிலும் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடக் கூடாது. பெரியவர் அளவுத் தகடுகளை நுழைத்து நுழைத்துப் பார்த்து, இன்ஜினின் ஒரு காலை மயிரிழை உயர்த்தினார். தண்டு படகின் உடலை விட்டு வெளியேறும் இடத்தில், சுழலும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் வரும்படி அடைப்பின் திருகைத் தளர்வாக விட்டுவைத்தார். சொட்டே இல்லாமல் இறுக்கினால் சூடேறித் தண்டையே தேய்த்துவிடும்.

பிறகு திறந்த நீரில் முழு வேகம். முன்பு இந்த இன்ஜின் அதன் தகட்டில் குறித்த உச்சச் சுழற்சியைத் தொட்டதே இல்லை. அதற்குக் கீழேயே திணறிக் கரும்புகை கக்கும். பிட்ச், அதாவது இதழின் சாய்வு, குறைந்த புரொப்பல்லர் ஒன்றை வாங்கிவிடலாம் என்று என் பட்டியலில் எழுதியிருந்தேன். இப்போது முள் குறித்த இடத்துக்குப் போய் நின்றது, புகை வெளுத்திருந்தது, புரொப்பல்லர் பழையதுதான். எடை இறங்கியதால் வந்த பலன் என்று நான் சொல்கிறேன். அடியையும் புரொப்பல்லரையும் சுரண்டியதுதான் காரணம், நீங்கள் வெளியே எடுத்த வயருக்கு இதில் பங்கு கொஞ்சம்தான் என்கிறார் பெரியவர். கொட்டலசு ஒட்டிய புரொப்பல்லரின் கொடுமையை அறிந்தவர்கள் அவர் பக்கம்தான் நிற்பார்கள்.